“மூணும் ஒண்ணுதாம்மா!” - 18 வருடங்கள் மறைத்துவைத்த ஒரு வலி

பட்டுச் சேலைப் பிரிவில் வேலை என்றால், நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மேல் தட்டில் இருக்கும் சேலையை எடுக்க, உதறி விரிக்க, வாடிக்கையாளரின் தோளில் போட்டுக் காட்ட, பிடிக்கவில்லை என்றால் மடித்து மறுபடியும் மேலே வைக்க.

தென்மாவட்ட நகரம் ஒன்றின் பெரிய ஜவுளிக்கடையில் 11 வருடங்களாக அந்த வேலையைப் பார்த்தவர் அவர். வயது 35. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி.

கடையில் அவருக்கு ‘ஸ்டூல் அக்கா’ என்று பெயர். மற்ற பெண்கள் எக்கி எடுக்கும் சேலையை, அவர் மட்டும் ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுப்பார். உயரம் கொஞ்சம் கம்மி, அதனால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படியே சிரித்துச் சமாளித்தார். கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது என்ற விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது.

இரண்டு அக்குள்களிலும் கட்டிகள். ஒன்று ஆறும்போது இன்னொன்று கிளம்பும். உடைந்தால் சீழ் வரும், வாடை வரும். ரவிக்கைக்குள் பஞ்சு வைத்து, அதற்கு மேல் கைக்குட்டையை மடித்து வைத்து, பவுடரைக் கொட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமுக்குப் போய்ப் பஞ்சு மாற்றிவிட்டு வருவார். சாப்பாட்டுக்கு மிச்சம் இருப்பது பத்து நிமிடம். 17 வயதில் தொடங்கிய கதை இது.

முதல் கட்டி வந்தபோது அம்மாவிடம் சொன்னார். “உடம்பு சூடுடி. ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டுக் குடி” என்றார் அம்மா. சோப்பையும் சுண்ணாம்பையும் மஞ்சளோடு குழைத்து மேலே அப்பினார். கட்டி உடைந்தது, வலி குறைந்தது. அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொன்று. “ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறியா இல்லையா?” என்று அம்மா கேட்டதோடு, அவர் அம்மாவிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

தேய்த்துத் தேய்த்துத்தான் குளித்தார். ஒரு நாளைக்கு இரண்டு முறை, சில நாள் மூன்று முறை. பீர்க்கங்காய் நாரில் தோல் உரிந்து ரத்தம் வரும் அளவுக்கு.

ஆளுக்கு ஒன்றாகச் சொன்ன நோய்கள்

அக்குளுக்கு முன்பே முகப்பரு வந்திருந்தது. சாதாரணப் பரு அல்ல. கன்னத்திலும் முதுகிலும் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கி, ஆறிய பிறகு குழி விழுகிற பரு. அதற்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டுக் கேட்டு வாங்கிய கிரீம்கள். ‘கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்’ என்றார்கள். கல்யாணமும் ஆனது. பரு போகவில்லை.

கட்டி ரொம்பவும் வலித்தால் தெருமுனை டாக்டரிடம் போவார். அவர் கீறிவிட்டு, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுப்பார். ஐந்து நாள் நன்றாக இருக்கும். தொடையிடுக்கில் வந்த கட்டிகளை அந்த டாக்டரிடமும் காட்டியதில்லை. ஆண் டாக்டர். கணவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ‘எனக்குக் கட்டி வர்ற உடம்பு’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். மகள் பிறந்த பிறகு, பாப்பா உதைக்கிறாள் என்று சொல்லித் தனியாகப் படுக்கத் தொடங்கியவர், பாப்பா வளர்ந்த பிறகும் அப்படியே படுத்தார். மகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தால் சட்டென்று விலகுவார். ‘அம்மாவுக்குக் கட்டிப்பிடிச்சா பிடிக்காது’ என்று மகள் தன் தோழிகளிடம் சொன்னதைக் கேட்டு ஒருநாள் சமையலறையில் நின்று அழுதிருக்கிறார்.

மூன்றாவது சிக்கல் காலில் வந்தது.

கணவரின் ஸ்கூட்டரை நகர்த்தும்போது சைடு ஸ்டாண்ட் கணுக்காலுக்கு மேலே இடித்தது. சின்னச் சிராய்ப்பு. இரண்டு நாளில் அது கொப்புளமானது. கொப்புளம் உடைந்து புண்ணானது. ஒரு வாரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு, இன்னொரு வாரத்தில் உள்ளங்கையில் பாதி. புண்ணின் ஓரம் கத்திரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது. வலியோ, புண்ணின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத வலி. போர்வை பட்டால்கூட உயிர் போனது.

தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டினார்கள். முதல் கேள்வி, “சுகர் இருக்கா?” பரிசோதித்தார்கள். இல்லை. சீழை எடுத்து கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. புண்ணைச் சுத்தம் செய்தால் ஆறிவிடும் என்று, ஓரத்தில் இருந்த அழுகிய தோலை வெட்டி எடுத்தார்கள். மூன்றே நாளில் புண் இரண்டு மடங்கானது. மறுபடியும் வெட்டினார்கள். மறுபடியும் பரவியது. அடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம் என்றார்கள்.

இதற்குள் 40 நாள்கள் ஓடியிருந்தன. வேலைக்குப் போகவில்லை, சம்பளம் இல்லை. வளையல்கள் நகைக்கடனுக்குப் போயின. மாமனாருக்குச் சர்க்கரை நோயால் கால் எடுத்த குடும்பம் அது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்று, “காலை எடுத்துட்டா உயிராவது மிஞ்சும்” என்று கணவரிடம் சொன்னது, உள்ளே படுத்திருந்தவருக்குத் தெளிவாகக் கேட்டது.

“கையைத் தூக்குங்கம்மா”

காசும் தீர்ந்துபோனதால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார்கள். அறுவை சிகிச்சைப் பிரிவில் பார்த்த டாக்டர் புண்ணின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “வெட்ட வெட்டப் பெருசாகுதுன்னா சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு, ஓ.பி. சீட்டில் ‘தோல் பிரிவு’ என்று எழுதி அனுப்பினார்.

தோல் பிரிவில் ஒரு பெண் டாக்டர். 50 வயது இருக்கும். எப்போது வந்தது, எப்படித் தொடங்கியது, வயிற்றுப்போக்கில் ரத்தம் போயிருக்கிறதா, மூட்டுவலி உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். 

“வேற எங்கயாவது கட்டி, புண்ணு வர்றதுண்டா?”

“இல்லை டாக்டர்.”

பொய். அந்தப் பொய் 18 வருடப் பழக்கத்தில் தானாகவே வாயில் வந்தது.

நர்ஸ் பி.பி. பார்க்கக் கையைப் பிடித்தபோது அவர் முகம் சுளித்ததை டாக்டர் கவனித்தார். கணவரை வெளியே இருக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற மாணவர்களையும் அனுப்பினார். திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

“கையைத் தூக்குங்கம்மா.”

அவர் தூக்கவில்லை.

“நான் இதே மாதிரி நிறைய பேரைப் பார்த்திருக்கேன். உங்க மேல தப்பு எதுவும் இல்லை. தூக்குங்க.”

தூக்கினார். கயிறு கயிறாகத் தடித்த தழும்புகள். தோலுக்கு அடியில் ஒரு கட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சுரங்கம்போல ஓடும் பாதைகள். இரட்டை இரட்டையாகக் கரும்புள்ளிகள். டாக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை. மூக்கைப் பொத்தவில்லை. தொடையையும் பார்த்தார். முகத்தையும் முதுகையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“இத்தனை நாளும் பருவுக்கு ஒருத்தர், கட்டிக்கு ஒருத்தர், கால் புண்ணுக்கு ஒருத்தர்னு காட்டியிருக்கீங்க. மூணும் வேற வேற இல்லை. மூணும் ஒண்ணுதாம்மா.”

குணமாகுமா, காலை எடுக்க வேண்டுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்:

“அழுக்கால வந்தது இல்லையா டாக்டர்?”

“இல்லை.”

அங்கேயே உட்கார்ந்து அழுதார். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடாமல் காத்திருந்தார்.

உடம்பே உடம்போடு போடும் சண்டை

அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, பிட்டம் போன்ற இடங்களில் திரும்பத் திரும்பக் கட்டி வரும் நோயின் பெயர் ஹைட்ராடெனிடிஸ் சப்புரேட்டிவா. முடிக்கால்கள் அடைபட்டு, தோலுக்கு அடியிலேயே உடைந்து, அதைச் சுற்றி உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிப் பொங்குவதால் வருவது. காலில் வந்த புண்ணின் பெயர் பயோடெர்மா கேங்கிரினோசம். இந்த இரண்டும், கடுமையான முகப்பருவும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதற்கு ‘பாஷ்’ சிண்ட்ரோம் என்று பெயர். மூன்று நோய்களின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. 2012-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு நோயாளிகளிடம் இதைக் கண்டு, தனி நோய்த்தொகுதியாக எழுதினார்கள். உலகம் முழுவதிலுமே மிகச் சிலருக்குத்தான் இது உறுதி செய்யப்பட்டிருக்கிறது.

கிருமி உள்ளே நுழைந்தால் முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள். இந்த நோயில், எதிரியே இல்லாதபோதும் அவை கூட்டமாக வந்து தோலைத் தாக்குகின்றன. ‘தீப்பிடித்துவிட்டது’ என்று பொய்யாக அலாரம் அடிக்கும் இன்டர்லூக்கின்-1 போன்ற வேதிப்பொருள்கள் அதிகம் சுரப்பதே காரணம். சிலருக்கு இதில் மரபணுவின் பங்கும் இருக்கிறது. சீழ் இருக்கும், அதை உண்டாக்கிய கிருமி இருக்காது. அதனால்தான் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. யாருக்கும் தொற்றாது. மகளைக் கட்டிப்பிடிக்கலாம், கணவரோடு படுக்கலாம், ஒரே துண்டில் துடைத்துக்கொண்டால்கூட இந்த நோய் பரவாது.

வெட்டியபோது புண் ஏன் பெரிதானது? பயோடெர்மா கேங்கிரினோசத்தில் தோலில் படும் எந்தக் காயமும் புதிய தாக்குதலைத் தூண்டிவிடும். மருத்துவத்தில் அதற்கு ‘பேத்தர்ஜி’ என்று பெயர். சைடு ஸ்டாண்ட் இடித்ததும் ஒரு காயம்தான், கத்தி பட்டதும் ஒரு காயம்தான். உடம்பு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் பதில் சொன்னது. தொடையில் தோல் எடுத்திருந்தால், அங்கேயும் ஒரு புண் கிளம்பியிருக்க வாய்ப்பு உண்டு.

இந்த இரண்டு நோய்களின் பெயர்களுமே பழைய தவறுகளைச் சுமந்துகொண்டிருக்கின்றன. 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் கால் புண்ணுக்குப் பெயர் வைத்தபோது, கிருமித்தொற்றில் இதற்குப் பெரிய பங்கு இருப்பதாக நினைத்தார்கள். அதற்கும் முன்பு 1854-ல் பிரெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர் வெர்னோய், அக்குள் கட்டிகளை வியர்வைச் சுரப்பியோடு இணைத்தார். கிருமியும் இல்லை, வியர்வையும் இல்லை என்பது பின்னாளில்தான் தெளிவானது. அம்மா ‘ஒழுங்கா குளிக்கிறியா’ என்று கேட்டதில் என்ன ஆச்சர்யம்? பெரிய பெரிய டாக்டர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.

தாமதமும் இவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2015-ல் வெளியான, பல நாடுகளின் நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், ஹைட்ராடெனிடிஸ் நோயாளிகளுக்கு நோய் இன்னதென்று தெரியவே சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதே ஆய்வில் சொரியாசிஸ் நோயாளிகளுக்கு ஆனது 2 ஆண்டுகளுக்கும் குறைவு. சொரியாசிஸ் முழங்கையில் வருகிறது, முழங்காலில் வருகிறது, காட்டிவிடலாம். இது வருகிற இடங்கள் அப்படிப்பட்டவை அல்ல.

ஃபிரிட்ஜில் மாவுக்குப் பக்கத்தில் ஊசி

இந்தக் கால் புண்ணை உறுதி செய்ய ஒற்றை டெஸ்ட் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் முடிவுக்கு வர வேண்டும். புண்ணின் ஓரத்திலிருந்து சின்னத் துண்டு எடுத்து பயாப்சி, ரத்தப் பரிசோதனைகள், ரத்தக்குழாய் ஸ்கேன், குடல் அழற்சி நோய் இருக்கிறதா என்று பார்க்க கொலனோஸ்கோபி. எல்லாம் முடிந்த பிறகு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். புண்ணை வெட்டவில்லை, சுரண்டவில்லை. உப்புநீரில் மெதுவாகக் கழுவி, ஒட்டாத துணியால் கட்டினார்கள்.

நாலாம் நாள் வலி குறைந்தது. இரண்டு வாரத்தில் கத்திரிப்பூ நிறம் மங்கியது. காலை எடுக்கும் பேச்சு வீட்டில் அதோடு நின்றது.

ஆனால், ஸ்டீராய்டை வருடக்கணக்கில் போட முடியாது. முகம் வீங்கியது, பசி எகிறியது, எல்லை தாண்டாத சுகர் எல்லையைத் தொட்டது. சட்டென்று நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அடுத்த கட்டமாக டாக்டர் சொன்னது அடாலிமுமாப் ஊசி. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் மருந்து. ஹைட்ராடெனிடிஸுக்கென்று அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்றது. அதன் உலகின் முதல் பயோசிமிலர், 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. ஒரிஜினலைவிட விலை குறைவு என்றாலும், லோடு வண்டி ஓட்டும் குடும்பத்துக்குச் சுமைதான்.

ஊசிக்கு முன் இன்னொரு படி இருந்தது. இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை அடக்குவதால், உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி எழுந்துகொள்ளலாம். நம் நாட்டில் பலருக்கும் அந்தக் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பரிசோதனையில் அவருக்கும் இருந்தது. அதற்கான மாத்திரையைத் தொடங்கி, ஒரு மாதம் கழித்தே முதல் ஊசி போட்டார்கள்.

ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. தோசை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. கரன்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாது என்று மகள் ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு என்ன நோய் என்று அவளுக்கும் இப்போது தெரியும். கணவருக்கும் தெரியும். டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னபோது, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு அவர் மனைவியிடம் கேட்டது ஒன்றுதான்: “இதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

முழுக்க குணமாகிவிட்டதா? இல்லை. கால் புண் ஆறி, காகிதம்போல மெல்லிய தோல் மூடியிருக்கிறது. அக்குளில் புதிய கட்டிகள் குறைந்திருக்கின்றன, நின்றுபோகவில்லை. பழைய சுரங்கங்களுக்குப் பின்னாளில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதையும் நோய் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து, மருந்தின் பாதுகாப்போடுதான் செய்ய வேண்டும். எங்கே போனாலும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்: பல் பிடுங்கப் போனாலும் சரி, பிரசவம் என்றாலும் சரி, ‘எனக்குக் காயம் பட்டால் பெரிதாகும் நோய் இருக்கிறது.’

கடைக்குத் திரும்பியபோது மேனேஜரிடமும் சொன்னார். எல்லாவற்றையும் அல்ல, வேண்டிய அளவு. இப்போது பில்லிங் கவுன்ட்டரில் உட்காரவைத்திருக்கிறார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. ஸ்டூல் அக்காவுக்கு ஸ்டூல் மாறவில்லை. ஏறுவதற்குப் பதில் உட்காருகிறார்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லாக் கட்டியும் இந்த நோய் அல்ல. எல்லாக் காலப் புண்ணும் இது அல்ல. பெரும்பாலானவை சாதாரணத் தொற்றாகவோ, சர்க்கரை நோய், ரத்தக்குழாய்ப் பிரச்னை போன்றவற்றால் வந்ததாகவோதான் இருக்கும். ஆனால், அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே போன்ற இடங்களில் ஆறு மாதங்களுக்குள் இரண்டு முறையாவது கட்டி வந்தால் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சின்னக் காயம் வேகமாகப் பரவினாலும், ஓரம் ஊதா நிறமானாலும், தாங்க முடியாமல் வலித்தாலும், சுத்தம் செய்யச் செய்யப் பெரிதானாலும் தள்ளிப்போடக் கூடாது. சிகரெட்டும் அதிக எடையும் கட்டிகளின் தீவிரத்தோடு தொடர்புடையவை. ஸ்டீராய்டு மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும், உடம்பில் இருக்கும் மற்ற தொந்தரவுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பந்தம் இருக்கிறதா, இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இந்தக் கட்டிகள் வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இருக்கும். பெரும்பாலும் வயதுக்கு வந்த பிறகே தொடங்கும். அது அவருக்குத் தெரியும். மகளின் முகத்தில் முதல் பரு வந்த நாளில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைப் போட்ட வேகத்தில் சமையலறைக்கு வந்தாள்.

“அம்மா, இங்க ஏதோ கட்டி மாதிரி இருக்கு. பாரேன்.”

யூனிஃபார்ம் சட்டையோடு கையை நேராக மேலே தூக்கி நின்றாள். கூச்சம் எதுவும் இல்லை. ஏதோ முழங்காலில் பட்ட அடியைக் காட்டுவதுபோல.

அவர் சுண்ணாம்பு டப்பாவைத் தேடவில்லை. குளித்தாயா என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, மகளை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து பார்த்தார். மறுநாள் லீவு சொல்லிவிட்டு அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். “இப்போதைக்குச் சாதாரணக் கட்டிதான். திரும்ப வந்தா உடனே கூட்டிட்டு வாங்க” என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடிக்க மகளுக்கு எட்டவில்லை. அவர் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் வலித்தது. மகள் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.